பாங்காக் பெரிய அரண்மனையும் தோன்புரி வாய்க்கால்களும்: குடும்பத்தோடு ஒரு நாள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாங்காக்கில் குடியேறியதிலிருந்து ஊரிலிருந்து யாராவது ஒரு குடும்பம் வந்துகொண்டே இருக்கிறது. வருவதற்கு முன்பு போனில் கேட்பதும், வந்தபிறகு படகில் உட்கார்ந்து கேட்பதும் அநேகமாக ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்துவிட்டேன். கட்டணங்கள் மாறக்கூடியவை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாள்ல அரண்மனை, படகு ரெண்டும் முடியுமா? குழந்தைங்க தாங்குவாங்களா?

முடியும். ஆனால் வரிசையை மாற்றக்கூடாது. காலை 8:30க்கு அரண்மனை திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும். 10 மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து கூட்டத்தைக் கொட்டிவிடும், வெயிலும் ஏறிவிடும். அரண்மனைக்குள் நிழல் குறைவு, தரை முழுக்கக் கல். 11 மணிக்கு வெளியே வந்துவிட்டால் சாப்பாடு, கொஞ்ச நேரம் ஓய்வு, வாட் போ கோயில், அப்புறம் 3 மணிவாக்கில் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தோன்புரி வாய்க்கால்களில் படகு என்று போகலாம். படகில் கூரையும் காற்றும் இருக்கும். காலையில் அழுத குழந்தைகூட அங்கே தூங்கிவிடும்.

காலையில் படகு, மத்தியானம் அரண்மனை என்று தலைகீழாகப் போட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பாதியிலேயே திரும்பி வந்தார்கள். டிக்கெட் விற்பனையும் மாலை 3:30க்கு முடிந்துவிடும்.

டிக்கெட் எவ்வளவு? சின்னவனுக்கும் எடுக்கணுமா?

வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 500 பாத். குழந்தைக்கு வயதுக் கணக்கு கிடையாது, உயரக் கணக்குதான். 120 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் இலவசம். அதே டிக்கெட்டில் வளாகத்துக்குள் இருக்கும் சிரிகிட் மகாராணி ஜவுளி அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். அங்கே ஏசி உண்டு. பட்டு பிடித்தவர்களுக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது.

ஹோட்டல்லேர்ந்து எப்படிப் போறது? டாக்சி எடுத்துடலாமா?

டாக்சியில் போனால் நெரிசலில் பாதிக் காலை போய்விடும். பறக்கும் ரயிலில் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோர்ன் படகுத்துறை. அங்கே ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறி தா சாங் துறையில் இறங்குங்கள். 20 பாத்துக்குள்தான் ஆகும். நீலக் கொடி போட்டது சுற்றுலாப் பயணிகளுக்கான படகு. உட்கார இடம் கிடைக்கும், விலை கூடுதல்.

சுரங்க ரயிலில் வருவதானால் சனாம் சாய் நிலையம். 2019இல் திறந்தது. நிலையத்தையே அரண்மனை மண்டபம் மாதிரி தூணும் பொன்னுமாகக் கட்டியிருக்கிறார்கள். வாட் போ பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து அரண்மனை வாசலுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். எனக்குப் பிடித்தது படகுதான். அரண்மனைக் கூரைகள் தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் ஒழுங்காகத் தெரிகின்றன. ஏன் என்பதைப் பின்னால் ஆற்றைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

புடவை கட்டிக்கலாமா? பையன் அரை டிரவுசர்தான் போடுவேங்கிறான்.

பையனை முதலில் சமாளியுங்கள். ஆண், பெண் இருவருக்கும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாச் சட்டை, கிழிசல் ஜீன்ஸ், உள்ளே தெரியும் துணி, உடம்போடு ஒட்டிய லெகின்ஸ் எல்லாம் வாசலிலேயே நிறுத்தப்படும். தோளில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் போதும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அதை ஒத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

கை வைத்த ரவிக்கையோடு, இடுப்பு தெரியாமல் கட்டினால் புடவைக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் படகில் ஏறி இறங்கச் சுடிதார்தான் சௌகரியம். செருப்பு கழற்ற லேசாக இருக்கட்டும். சன்னதிக்குச் சன்னதி கழற்றி மாட்ட வேண்டிவரும்.

வாசல்கிட்ட ஒருத்தர் "இன்னிக்கு லீவு, பூஜை நடக்குது, மத்தியானம் வாங்க"ன்னு சொன்னார். நிஜமா?

தொண்ணூறு சதவீதம் பொய். பாங்காக்கின் மிகப் பழைய தந்திரம் இது. சட்டை இஸ்திரி போட்டு, கையில் வரைபடம் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகப் பேசுவார். "அதுவரைக்கும் வேறு நாலு கோயில் பாருங்கள், துக்துக் ஆட்டோ 20 பாத்துதான்" என்பார். ஒரு கோயில் காட்டுவார்கள். அப்புறம் ரத்தினக் கல் கடை, தையல் கடை. போன வருஷம் என் சித்தப்பா இப்படித்தான் ஒரு நீலக்கல் மோதிரத்தோடு வீட்டுக்கு வந்தார். அதன் விலையை இன்னமும் சித்தியிடம் சொல்லவில்லை.

அரச சடங்குகளுக்காக உண்மையிலேயே மூடும் நாட்களும் உண்டு. அதை அரண்மனையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முந்தைய நாளே பார்த்துவிடலாம். மற்றபடி வெளியில் யார் என்ன சொன்னாலும் சிரித்துவிட்டு நடந்து, நா ப்ரா லான் சாலையில் உள்ள பிரதான வாசலில் சீருடைக் காவலரிடம் கேளுங்கள்.

உள்ளே ராஜா இருப்பாரா?

இருக்கமாட்டார். முதலாம் ராமா மன்னர் 1782இல் தலைநகரை இங்கே மாற்றி இந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். 1925 வரை மன்னர்கள் இங்கே வாழ்ந்தார்கள். இப்போது முடிசூட்டு, அரச ஈமச்சடங்கு போன்றவைக்கு மட்டும் பயன்படுகிறது. 2016இல் மறைந்த ஒன்பதாம் ராமாவின் உடலை ஓர் ஆண்டுக்கு இங்குள்ள துசித் மண்டபத்தில்தான் வைத்திருந்தார்கள்.

நடுவில் நிற்கும் சக்ரி மகா பிரசாத் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். ஐந்தாம் ராமாவுக்காக ஓர் ஆங்கிலேயர் வடிவமைத்து 1882இல் முடித்தது. உடம்பு முழுக்க ஐரோப்பிய மாளிகை, தலைக்கு மட்டும் தாய்லாந்துக் கோபுரம். உள்ளூர்க்காரர்கள் இதை "கிரீடம் வைத்த வெள்ளைக்காரன்" என்று கிண்டல் செய்வார்கள். இதற்குப் பின்னால் இருந்த அந்தப்புரம் ஒரு தனி ஊர். பெண்களும் குழந்தைகளும் மட்டுமே இருந்தார்கள், காவலுக்கு நின்றதும் பெண்கள்தான். அந்தப் பகுதிக்குப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

மரகத புத்தர் நிஜமாவே மரகதமா? இவ்ளோ சின்னதா இருக்காரே!

அரண்மனை வளாகத்துக் கோயிலில் இருக்கும் இந்தப் புத்தருக்குப் பச்சை நிறத்தால் வந்த பெயர். கல் மரகதம் இல்லை, பச்சை ஜேட் வகை. உயரம் சுமார் 66 செ.மீ. அவ்வளவு உயரப் பீடத்தின் உச்சியில் உட்கார வைத்திருப்பதால் இன்னும் சின்னதாகத் தெரிகிறார். உள்ளே போகிற எல்லோரும் முதல் நிமிடம் "எங்கே, எங்கே" என்றுதான் தேடுகிறார்கள்.

1434இல் சியாங் ராயில் சுண்ணாம்புப் பூச்சுக்குள் கண்டெடுத்ததாக வரலாறு. பிறகு லாவோஸில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்தார். பின்னாளில் முதலாம் ராமாவான தளபதி 1779இல் வியஞ்சானிலிருந்து கொண்டுவந்தார். புத்தர் சிலைக்கு மூன்று உடைகள் உண்டு: வெயில், மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்று. பருவம் மாறும்போது மன்னரே வந்து மாற்றுவார்.

உள்ளே படம் எடுக்கக்கூடாது. உட்காரும்போது பாதத்தைச் சிலை பக்கம் நீட்டக்கூடாது, மண்டியிட்டோ ஒருக்களித்தோ உட்காருங்கள். வெளியே ஒரு தொட்டியில் தண்ணீரும் தாமரை மொட்டுகளும் வைத்திருப்பார்கள். மொட்டை நனைத்துத் தலையில் தட்டிக்கொள்வது வழக்கம். என் அம்மா யாரும் சொல்லாமலே வரிசையில் நின்று தட்டிக்கொண்டு, மிச்சத்தைப் பேத்தி தலையிலும் தெளித்தார். தீர்த்தம் எந்த ஊரில் இருந்தாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

சுவர்ல இருக்கிறது நம்ம ராமாயணம்தானே? ஆனா கதை எங்கேயோ இடிக்குதே.

மரகத புத்தர் கோயிலைச் சுற்றி ஓடும் பிராகாரச் சுவரில் 178 ஓவியங்கள். கதையின் பெயர் ராமகியன். ராமன் ப்ரா ராம், லட்சுமணன் ப்ரா லக், சீதை நாங் சீதா, ராவணன் தோத்சகன். பத்துக் கழுத்தன் என்ற தசகண்டன்தான் இப்படித் திரிந்திருக்கிறது. பச்சை முகத்தோடு இருப்பார். வாசல்களில் கதாயுதத்தோடு நிற்கும் பெரிய அரக்கர் சிலைகளும் இந்தக் கதையின் ஆட்கள்தான்.

இடிக்கும் இடங்கள் சுவாரசியமானவை. இங்கே சீதை தோத்சகனின் சொந்த மகள். அனுமன் வெள்ளைக் குரங்கு, பிரம்மச்சாரியும் கிடையாது. பாலம் கட்டும்போது கற்களைத் திருடிப்போகும் தோத்சகனின் இன்னொரு மகள், மீன் வாலுள்ள சுபண்ணமச்சா. அவளைத் துரத்திப்போன அனுமன் காதலித்துவிடுகிறார். இதைக் கேட்டு எங்கள் மாமா அந்த ஓவியத்தின் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

குழந்தைகளுக்குக் காட்ட ஒரே ஓர் ஓவியத்தைச் சொல்லச் சொன்னால், அனுமன் மலை மாதிரி வளர்ந்து, ராமன் தூங்கும் மண்டபத்தையே வாய்க்குள் வைத்துக் காக்கும் காட்சியைச் சொல்வேன். காவல் யாரிடமிருந்து என்றால், மையராப். பாட்டி சொன்ன மயில்ராவணன் கதை ஞாபகம் இருக்கிறதா? அதே ஆள்தான். வால்மீகியில் இல்லாத இந்தக் கதை நம் ஊரிலும் இருக்கிறது, இந்தச் சுவரிலும் இருக்கிறது. தங்கக் கோபுரங்களைப் படம் எடுக்கும் அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் இந்தச் சுவரைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அதன் பெயர் "நாம் ப்லா". "மாய் சாய் நாம் ப்லா" என்றால் அதைப் போடாதீர்கள் என்று அர்த்தம். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று போட்ட கடைகளில் இறைச்சி, முட்டை, பால், பூண்டு எதுவும் இருக்காது. சைவத்துக்குத் தாய்லாந்து மொழியில் "மங்சவிரத்". மாம்ச விரதி என்று உடைத்துப் பாருங்கள், மறக்காது.

ரொட்டி, சாதம் வேண்டும் என்பவர்களுக்கு அரண்மனையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பஹுரத் என்ற இந்தியக் கடைத்தெரு. அங்குள்ள குருத்வாராவில் லங்கர் என்ற இலவசச் சாப்பாடு உண்டு. குழந்தைகளுக்கு மாம்பழமும் தேங்காய்ப்பால் ஒட்டுச் சோறும் வாங்கிக் கொடுத்தால் அடுத்த இரண்டு மணி நேரம் பேச்சே இருக்காது.

வாட் போ, வாட் அருண் ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா எது?

பெரியவர்கள் இருந்தால் வாட் போ. அரண்மனைக்குத் தெற்கே நடக்கும் தூரம், நுழைவு 300 பாத். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் பாதங்களில் முத்துச்சிப்பியால் 108 சின்னங்கள் பதித்திருக்கிறார்கள். முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போவது குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். தாய் மசாஜ் பள்ளியும் இங்கேதான், கால் கடுப்பவர்கள் வரிசையில் நிற்கலாம்.

வாட் அருண் எதிர்க்கரையில். அருணனின் பெயர்தான். படிகள் செங்குத்து. வெளியிலிருந்து பார்ப்பதே அழகு என்பது என் கட்சி.

வாய்க்கால் படகு எங்கே பிடிக்கிறது? எவ்ளோ சொல்வாங்க?

தா சாங், தா தியன் துறைகளிலேயே நீள்வால் படகுகள் நிற்கும். லாரி எஞ்சின் ஒன்றைப் பின்பக்கம் சுழலும் தாங்கியில் ஏற்றி, நீளமான தண்டின் நுனியில் விசிறி மாட்டியிருப்பார்கள். ஓட்டுநர் முழு எஞ்சினையும் கையால் திருப்பித்தான் படகைத் திருப்புவார். மூக்கில் வண்ணத் துணியும் பூமாலையும் கட்டியிருக்கும். அது மே யா நாங் என்ற படகுத் தெய்வத்துக்கு. அந்த இடத்தில் கால் வைக்காதீர்கள்.

விலை படகுக்கு, ஆளுக்கு இல்லை. இதை ஏறுவதற்கு முன்னாலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் பாத் வரை கேட்பார்கள், பேரம் உண்டு. நேரத்தையும் வழியையும் சேர்த்துப் பேசுங்கள்: க்லோங் பாங்காக் யாய் வழியாக நுழைந்து, க்லோங் பாங்காக் நோய் வழியாக வெளியே வர வேண்டும். க்லோங் என்றால் வாய்க்கால். இந்தச் சுற்று இல்லாமல் ஆற்றிலேயே ஒரு வட்டம் அடித்து இறக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வழியில என்ன பார்க்கிறது? வெறும் வீடுங்கதானே?

அந்த வீடுகளைப் பார்க்கத்தான் போகிறோம். தண்ணீரில் கால் ஊன்றிய மரவீடுகள், திண்ணையில் ஆர்க்கிட் தொட்டி, தபால் பெட்டி வாய்க்காலைப் பார்த்து. ஒரு வீட்டுப் படியில் கிழவி ஒருத்தி பாத்திரம் கழுவுவார், பக்கத்து வீடு கண்ணாடி பதித்த மாளிகையாக இருக்கும். பாசி சாரோன் பக்கம் வந்ததும் கூரைகளுக்கு மேலே 69 மீட்டர் உயரத்தில் வாட் பாக்நாமின் பொன்னிற புத்தர் அமர்ந்திருப்பது தெரியும். கோயில் படித்துறைகளில் மீன்கள் மொய்க்கும். ரொட்டி போட்டால் தண்ணீரே கொதிப்பது போல் இருக்கும்.

பாங்காக் நோயில் அரச படகு அருங்காட்சியகம். அதில் சுபண்ணஹோங் என்ற அன்னப்படகு 1911இல் முடிந்தது, சுமார் 46 மீட்டர், ஒரே தேக்கு மரத்தைக் குடைந்தது. கருடன் மேல் நாராயணன் இருக்கும் இன்னொரு படகும் உண்டு. பெருமாள் வாகனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

மிதக்கும் சந்தையும் இதிலேயே வந்துடுமா?

படத்தில் பார்க்கும் அந்தச் சந்தை தம்னூன் சதுவாக். அது பாங்காக்கிலிருந்து சுமார் 100 கி.மீ. அதற்குத் தனிக் காலை வேண்டும். தோன்புரிப் பக்கம் தலிங் சானில் சின்னச் சந்தை உண்டு, சனி ஞாயிறு மட்டும். வாரநாளில் "மிதக்கும் சந்தை காட்டுகிறேன்" என்று படகுக்காரர் சொன்னால், ஒரு பாட்டி படகில் சாவிக்கொத்து விற்பதைக் காட்டப்போகிறார்.

அம்மாவுக்கு முட்டி வலி, யாருக்கும் நீச்சலும் தெரியாது. பயமில்லையா?

கஷ்டம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். ஆற்று மட்டம் கடலோதத்தோடு ஏறி இறங்குவதால் துறைக்கும் படகுக்கும் நடுவே சில நேரம் ஓரடிக்கு மேல் இறக்கம் இருக்கும். அம்மாவை முதலில் ஏற்றாதீர்கள். ஒருவர் உள்ளே இறங்கி நின்று கை கொடுக்கட்டும். படகின் நடுவில் உட்கார வையுங்கள். முன்னால் உட்கார்ந்தால் தண்ணீர் தெறிக்கும், பின்னால் எஞ்சின் காதைப் பிளக்கும். மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், கேட்காமல் தரமாட்டார்கள்.

தண்ணியில முதலை பார்த்தேன்னு பையன் சத்தியம் பண்றான்!

நீர் உடும்பு. ஆள் நீளத்துக்கு வளரும். படித்துறையில் வெயில் காயும், தலையை மட்டும் நீட்டி நீந்தும், மனிதரைச் சீண்டாது. அதன் தாய்லாந்துப் பெயரைக் கேட்காதீர்கள், கேட்டாலும் திருப்பிச் சொல்லாதீர்கள். அது இங்கே கெட்ட வசவு. மரியாதையாகச் சொல்பவர்கள் "தூவா ங்ஙன் தூவா தோங்" என்பார்கள், வெள்ளியும் பொன்னுமானது என்று பொருள்.

நடுவழியில ஒரு இரும்புக் கதவு முன்னாடி படகு நின்னுடுச்சு. ஏன்?

மதகு. ஆற்றின் ஓதம் வாய்க்காலுக்குள் ஏறி வீடுகளை மூழ்கடிக்காமல் இருக்க வாயில்களில் கட்டியிருக்கிறார்கள். ஒரு கதவு மூடி, மட்டம் சமமாகி, மறு கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் ஆகலாம். பேசிய நேரத்தில் இதையும் கழிப்பார்கள், அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம் பேசச் சொல்கிறேன்.

அரண்மனை முன்னாடி ஓடுறது ஆறா, இல்ல அதுவும் வாய்க்காலா? கைடு ஏதோ சொன்னார்.

கைடு சொன்னது சரி. சாவ் ப்ராயா ஆறு பழைய காலத்தில் இங்கே மேற்கே பெரிதாக வளைந்து ஓடியது. கடலிலிருந்து அயுத்தயா தலைநகருக்குப் போகும் படகுகள் அந்த வளைவைச் சுற்றிப் போக வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் சைராச்சா மன்னர் வளைவின் இரு முனைகளையும் இணைத்துக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் நேர்வழியைப் பிடித்துக்கொண்டது. வெட்டியது அகன்று ஆறாயிற்று. பழைய ஆறு ஒடுங்கிப் பாங்காக் யாய், பாங்காக் நோய் என்று வாய்க்கால்களாயிற்று. அதாவது நீங்கள் ஆறு என்று கடந்தது வெட்டிய வாய்க்கால், வாய்க்கால் என்று சுற்றியதுதான் உண்மையான ஆறு.

1767இல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தது. தக்சின் மன்னர் மேற்குக் கரையில் தோன்புரியில் ஆண்டார். அவருக்குப் பின் முதலாம் ராமா கிழக்குக் கரைக்கு வந்தார். இடிந்த அயுத்தயாவின் செங்கல்களையே படகுகளில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து மதில் எழுப்பினார்கள். ஆக, அரண்மனையே தண்ணீர் வழியாக வந்த வீடுதான். காலையில் படகில் வாருங்கள் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

இங்க அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவை பாடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். கதையா, நிஜமா?

நிஜம். அரண்மனையிலிருந்து டாக்சியில் சில நிமிடத் தூரத்தில் சிவப்பு நிறத்தில் பெரிய ஊஞ்சல் தூண்கள் நிற்கும். பக்கத்தில் தேவஸ்தான் என்ற பிராமணர் கோயில், இரண்டும் 1784இல் முதலாம் ராமா அமைத்தவை. நம் மார்கழி, தை வாக்கில் அங்கே நடக்கும் விழாவின் பெயரே "த்ரியம்பவாய் த்ரிபவாய்". திருவெம்பாவை, திருப்பாவை என்பதன் திரிபு. ஊஞ்சலில் ஆடும் சடங்கு 1935இல் நின்றுவிட்டது, ஓதுவது நிற்கவில்லை. ஆனால் கேட்டவுடன் புரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நூற்றாண்டுகளில் உச்சரிப்பு வெகுவாக மாறிவிட்டது.

தமிழிலேயே கும்பிட வேண்டுமானால் சீலோமில் மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டியது. இப்போது தாய்லாந்து மக்கள்தான் அதிகம் வருகிறார்கள்.

கடைசியா, படகை எங்கே நிறுத்தச் சொல்லணும்?

தா தியனில். ஏறின துறைக்கே கொண்டுவிடுகிறேன் என்பார், தா தியன் என்று முன்னாலேயே பேசிவிடுங்கள். அங்கே துறையை ஒட்டிய படிகளில் உட்கார இடம் கிடைக்கும். இளநீர் வாங்கிக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்து உட்காருங்கள். மாலை 6 மணிக்கு எங்காவது ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் வாட் அருண் கோபுரத்துக்கு விளக்கு போடுவார்கள். அதற்குள் சின்னவன் மடியில் தூங்கியிருப்பான். சனாம் சாய் ரயில் நிலையம் நடக்கும் தூரம்தான், தூக்கிக்கொண்டு போய்விடலாம்.